உஷார்! லாங் பாருக்கு ஓடும் முன் ஒரு நிமிஷம்

சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து ஆட்களை மனதில் வைத்துத்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். மெர்லயன் சிலை, சென்டோசா, முஸ்தஃபா கடை என்று நம் ஆட்கள் வைத்திருக்கும் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏறியிருக்கிறது: ராஃபிள்ஸ் ஹோட்டலின் லாங் பார். செல்போனைத் திறந்தால் அந்த இளஞ்சிவப்புக் கிளாஸ்தான். மேலே நுரை, ஓரத்தில் அன்னாசித் துண்டு, ஒரு செர்ரிப் பழம். "மாப்ளே, அம்புட்டுத் தூரம் போயிட்டு அந்தப் பாருக்குப் போகாம வந்தேன்னு மட்டும் சொல்லிராத" என்று வழியனுப்ப வருகிறவனே சொல்லி அனுப்புகிறான்.

போகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் என் பயம். ஒருவர், மகனோ மருமகனோ டிக்கெட் போட்டுக் கொடுக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக விமானம் ஏறும் ஐம்பது, அறுபது வயதுக்காரர். பையில் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. இன்னொருவர், ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணி, ஏஜெண்டுக்கு நகையை அடகு வைத்துக் கட்டி, கட்டட வேலைக்கோ கப்பல் பட்டறைக்கோ போகும் இருபத்தைந்து வயதுப் பையன். இந்த இரண்டு பேருக்கும் அந்தக் கிளாஸ் இரண்டு விதமாக ஆபத்து. இரண்டையும் யாரும் வீடியோவில் சொல்வதில்லை.

முதலில் அந்த இடம் என்ன என்று பார்த்துவிடுவோம். ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887-ல் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியக் குடும்பத்தார் கடற்கரைச் சாலையில் பத்து அறைகளோடு ஆரம்பித்தது. 1899-ல் இப்போது நாம் பார்க்கும் வெள்ளை முகப்புக் கட்டடம் எழும்பியது. ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அது அவர்கள் கைக்குப் போனது. 1987-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அங்கே மது கலக்கும் வேலையில் இருந்த ஹைனான் சீனர் இங்யாம் தோங் பூன், 1915-ல் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற கலவையை உண்டாக்கினார் என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. 2015-ல் அதற்கு நூற்றாண்டும் கொண்டாடினார்கள்.

அந்தக் கலவை எதற்காகப் பிறந்தது? இதை ஹோட்டலே பெருமையாகச் சொல்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சமூகத்தில் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து ஜின்னும் விஸ்கியும் குடிக்கலாம். பெண்கள் பொது இடத்தில் குடித்தால் மரியாதைக் குறைவு, அவர்களுக்குத் தேநீரும் பழரசமும்தான். அதனால் பார்ப்பதற்கு வெறும் பழரசம் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே மது இருக்கும் ஒரு பானத்தை அவர் கலந்து கொடுத்தார்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். உள்ளே மது இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே செய்த பானம் அது. நூறு வருஷம் கழித்தும் அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. அன்றைக்குப் பக்கத்து மேஜைக்காரர் கண்ணுக்கு மறைத்தது, இன்றைக்குக் குடிக்கிறவரின் நாக்குக்கே மறைக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். உலகம் முழுக்கப் பரவியிருக்கும் செய்முறைப்படி ஒரு கிளாஸில் ஜின் 30 மில்லி, செர்ரி மது 15 மில்லி, குவான்த்ரோ என்ற ஆரஞ்சு மது 7.5 மில்லி, பெனடிக்டின் என்ற மூலிகை மது 7.5 மில்லி. இதற்கு மேல் 120 மில்லி அன்னாசிச் சாறு, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 10 மில்லி மாதுளைப் பாகு, கசப்புச் சாறு சில சொட்டு. ஜின்னும் மற்ற இரண்டு மதுவும் 40 சதவீதத்தை ஒட்டியவை, செர்ரி மது 24 சதவீதத்தை ஒட்டியது என்று வைத்துக்கொண்டால், கிளாஸுக்குள் இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 21 மில்லியைத் தாண்டுகிறது. நம் ஊர் டாஸ்மாக் பிராந்தி 42.8 சதவீதம். அந்தக் கணக்கில் ஒரு ஸ்லிங் 50 மில்லி பிராந்திக்குச் சமம். நாலு கிளாஸ் போனால் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறது.

குவார்ட்டர் அடிக்கிறவனுக்கு அது தொண்டையை எரிக்கும், முகத்தைச் சுளிக்க வைக்கும். 'போதும்' என்று உடம்பு சொல்வதற்கு அந்த எரிச்சலே ஒரு வழி. இதில் எரிச்சல் கிடையாது. அன்னாசி வாசனையும் இனிப்பும் நுரையும்தான். ஈரமும் வெக்கையுமான சிங்கப்பூர்ப் பகலில் நாள் பூராவும் நடந்து, தண்ணீர் தாகத்தோடு உள்ளே வருகிறவர் அதைக் கடகடவென்று இறக்கிவிடுவார். குடித்தே பழக்கமில்லாதவர்தான் இதில் முதலில் மாட்டுவார். "ஜூஸ் மாதிரிதாம்மா இருக்கு, நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்று அம்மாவுக்கும் அத்தைக்கும் நீட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மது என்று சொல்லாமல் யாருக்கும் மதுவைக் கொடுக்கக்கூடாது. அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று உங்களுக்கு முழுசாகத் தெரியாது.

விலையைப் பார்ப்போம். ஒரு ஸ்லிங் 40 வெள்ளியை, அதாவது 40 சிங்கப்பூர் டாலரை, ஒட்டி வருகிறது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அது கண்ணில் படாமல்தான் நம் ஆட்கள் பில் வந்ததும் முழிக்கிறார்கள். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம், இரண்டாவது 9 சதவீத ஜிஎஸ்டி. 2024 ஜனவரியிலிருந்து இந்த 9. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி போடுவார்கள். ஆக 40 வெள்ளி என்பது கையை விட்டுப் போகும்போது 48 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் மூவாயிரத்து நூறு ரூபாய்க்கு மேல். ஒரு கிளாஸ்!

2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். திருச்சுழிப் பக்கம் கண்மாய்க் கரையில் வெயிலில் நின்று மண் அள்ளுகிற அக்காவுக்கு ஒன்பது நாள் கூலி, அந்த ஒரு கிளாஸ். கட்டட வேலைக்குப் புதிதாகப் போகிற பையன்களில் பலருக்கு அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 18, 20 வெள்ளிதான். இரண்டு நாள் உழைப்புக்கு மேலே. நாலு நண்பர்கள் சேர்ந்து போய் ஆளுக்கு இரண்டு குடித்தால், ஊரில் ஒரு வீட்டுக்கு மாதச் செலவுக்கு அனுப்பும் பணம் அந்த மேஜையில் கரைந்துவிடும். யாராவது ஒருவன் "நான் பாத்துக்கறேன்டா" என்று கார்டை நீட்டிவிட்டு, அடுத்த மாதம் வட்டி கட்ட முடியாமல் தவிப்பான்.

சரி, செலவு போனாலும் பரவாயில்லை, சரித்திரப் புகழ் பெற்ற இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்து வரலாமே என்று கேட்கலாம். நியாயமான ஆசை. ஆனால் எந்த இடத்தில் உட்காரப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். இன்றைக்கு நாம் படியேறிப் போகும் லாங் பார், இங்யாம் தோங் பூன் நின்று கலந்த இடம் இல்லை. 1989 முதல் 1991 வரை ஹோட்டலை மூடிச் செப்பனிட்டபோது பக்கத்தில் புதிதாகக் கட்டிய கடைவீதிப் பகுதிக்கு பாரை மாற்றினார்கள். இப்போதைய பார் அதன் மாடியில் இருக்கிறது. 2017-ல் தொடங்கி 2019-ல் முடிந்த அடுத்த சீரமைப்பில் மறுபடியும் புதுப்பித்தார்கள். ஆகவே 1915-ன் மரப்பலகையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

பானத்தின் வயதிலும் சிக்கல் இருக்கிறது. 1922-ல் லண்டனில் வந்த ராபர்ட் வெர்மெயர் எழுதிய மதுக்கலவை நூலில் இதற்கு நெருங்கிய சொந்தமான ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங் இருக்கிறது. ஜின், பெனடிக்டின், செர்ரி மது, எலுமிச்சை, கசப்புச் சாறு, சோடா என்று போகிறது. அன்னாசிச் சாறு அதில் இல்லை. இன்றைக்கு நம்மை இழுக்கும் அந்த நுரையும் இனிப்பும் அன்னாசியால்தான் வருகின்றன. முதல் கிளாஸில் அது இருந்ததா என்று ஆராய்கிறவர்கள் இன்றுவரை வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'நூறு வருஷத்துக்கு முந்தின அதே சுவை' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள்.

பாரின் அலங்காரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. இதை வேறு ஊர்க்காரர் எழுதினால் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார். நம்மால் முடியாது. 1920-களின் மலாயாத் தோட்டங்களை நினைவூட்டும்படி அந்த பாரை அமைத்திருக்கிறார்கள். கருத்த மரம், பிரம்பு நாற்காலி, கூரையில் வரிசையாக முன்னும் பின்னும் அசையும் ஓலை விசிறிகள். மலாயாத் தோட்டத்து துரைமார் வார இறுதியில் பட்டணத்துக்கு வந்து இளைப்பாறிய சுகத்தை நமக்குத் திரும்பத் தருகிறார்களாம்.

அந்தத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவியது யார்? திருச்சி, தஞ்சை, சேலம், தென்னார்க்காடு, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன ஜனங்கள். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985-ல் மாவட்டம் பிரியும் வரை ராமநாதபுரம் ஜில்லாவில்தானே இருந்தன. மழை பொய்த்து, கண்மாய் வறண்டு, கம்பும் கேழ்வரகும் கருகின வருஷங்களில் ஊரை விட்டவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். 1920-களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள மலாயாத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். கூலிக்கு ஆள் அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு தடை செய்த பிறகுதான் அந்தக் கப்பல் நின்றது.

அவர்களுக்கும் தோட்டத்தில் ஒரு பார் இருந்தது. கள்ளுக்கடை என்று பெயர். உழைத்த காசைத் தோட்டத்துக்குள்ளேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் கடை அது. எத்தனை குடும்பம் அதில் அழிந்தது என்பதை அவர்களே உணர்ந்திருந்தார்கள். 1941-ல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்ற உரிமையோடும் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. படிப்பும் பணமும் பின்பலமும் இல்லாத மனிதர்கள், துப்பாக்கிக்கு எதிரே நின்று கேட்டார்கள். நான் அதை மறக்கத் தயாராக இல்லை. துரைமார் குடித்த இடம் இன்று நமக்கு ஆசைக்குரிய இடமாகிவிட்டது. கூலிக்காரன் எதிர்த்துப் போராடிய கடையைப் பற்றி ஒரு பலகைகூட அந்த மாடியில் கிடையாது. இந்த நினைப்போடு போகிறவர் போகட்டும். இது தெரியாமலே போய் அந்த ஓலை விசிறியின் கீழே படம் எடுத்துக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடலை விஷயம் ஒன்று. மேஜையில் தோலோடு வறுத்த நிலக்கடலை வைத்திருப்பார்கள். தின்றுவிட்டுத் தொலியைத் தரையிலேயே போடலாம். அந்த பாரின் பழக்கம் அது. போடுங்கள், உள்ளே யாரும் கேட்க மாட்டார்கள். அதே நினைப்பில் வெளியே வந்து தெருவில் ஒரு தொலியைப் போட்டால், குப்பை போட்டதற்கு முதல் தடவையே 300 வெள்ளி அபராதம் வரலாம். உள்ளே இருக்கும் சட்டம் வேறு, வாசல் தாண்டினால் வேறு என்பதை அந்தக் கடலையிலேயே புரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் மதுவிலும் அப்படித்தான்.

பையன்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் பேருந்தில் அடிபட்டு நம் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. பலர் மீது வழக்கு வந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். விசாரணைக் குழு குடிபோதையையும் ஒரு காரணமாகச் சொன்னது. அதன் பிறகு 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை சிங்கப்பூரில் எந்தப் பொது இடத்திலும் குடிக்கக்கூடாது. உரிமம் பெற்ற பாருக்குள்ளே உட்கார்ந்து குடிக்கலாம், வெளியே கிடையாது. தேக்கா வட்டாரத்துக்கு இன்னும் கடுமை: சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிப்பதே தடை. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம், தேக்கா மாதிரியான கட்டுப்பாட்டு வட்டாரத்தில் அதைவிட அதிகம். திரும்பத் திரும்ப மாட்டினால் சிறையும் உண்டு.

நடப்பது இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேர் ஆசையாக லாங் பாருக்குப் போகிறார்கள். வரிசையில் நிற்கிறார்கள், ஏனென்றால் அங்கே முன்பதிவு கிடையாது. ஆளுக்கு ஒன்று குடிக்கிறார்கள். விலையைப் பார்த்ததும் இரண்டாவது வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆனால் போதைக்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிட்டது. "வாடா மச்சான், தேக்கால ரெண்டு டின் வாங்கிக்குவோம்" என்று ஒருவன் சொல்கிறான். புல்தரையில் உட்காருகிறார்கள். அங்கே காவலர் வருகிறார். அபராதத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெர்மிட்டில் இருக்கிறவனுக்கு வேலை போகலாம், ஊருக்கு அனுப்பலாம், மறுபடி உள்ளே விடாமலும் தடுக்கலாம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அப்படியே நிற்கும், அடகு நகை மூழ்கும்.

இதைவிடப் பெரிய கண்டம் ஒன்று இருக்கிறது, சங்கடப்பட்டுக்கொண்டே சொல்கிறேன். போதையில் பக்கத்து மேஜைப் பெண்ணையோ, பரிமாறும் பெண்ணையோ, ரயிலில் நிற்கும் பெண்ணையோ தொட்டால் அங்கே அது சமாதானம் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. மானபங்கக் குற்றத்துக்கு மூன்று வருஷம் வரை சிறை, அபராதம், ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள ஆணுக்குப் பிரம்படியும் விதிக்கலாம். "போதைல தெரியாமப் பட்டுருச்சு ஐயா" என்ற பேச்சு அந்த நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானத்தையும் அது குறைக்காது.

அப்படியானால் போகலாமா, கூடாதா? என் தீர்ப்பு இது. கடன் இன்னும் அடையாத பையன் போக வேண்டாம். அவன் பார்க்க வேண்டிய கட்டடம் ஓடிப்போகாது. சம்பளம் உயர்ந்து, தங்கச்சி கல்யாணம் முடிந்து, கையில் சொந்தக் காசு இருக்கும் நாளில் போகட்டும். பழகியவர், செலவு தாங்குகிறவர், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய், ஒரே ஒரு கிளாஸை அரை மணி நேரம் வைத்துக் குடித்து, கூடவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, அங்கிருந்து நேராகத் தங்கும் இடத்துக்குத் திரும்புவதானால் நான் தடுக்க மாட்டேன். குடிக்காதவர்கள் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மது சேர்க்காத ஸ்லிங்கும் அங்கே கேட்டால் கிடைக்கும். ஹோட்டலின் கடைவீதியும் வெள்ளைத் தூண் முற்றங்களும் எல்லோரும் நடந்து பார்க்கத் திறந்தவை, தங்குகிறவர்களுக்கென்று உள்ள பகுதிக்குள் மட்டும் விட மாட்டார்கள். அந்த முகப்பைப் பார்க்கவும் படம் எடுக்கவும் காசு வேண்டாம்.

கையில் ஒரு அரை நாள்தான் இருக்கிறது, லாங் பாரா வேறு இடமா என்று என்னைக் கேட்டால், தேக்காவில் கேம்பல் லேனில் 2015-ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போங்கள் என்பேன். இந்த மண்ணிலிருந்தும் போய் அந்த ஊரைக் கட்டியவர்களின் தடம் அங்கே இருக்கிறது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால், அவர்களே உங்களுக்குப் பத்துக் கதை சொல்வார்கள். பர்மாவுக்குப் போன தாத்தா, திரும்பி வராத சித்தப்பா என்று இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் கதை இல்லை?

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கிளாஸில் பழச்சாறும் பாகும் இனிப்பு மதுவும் சேர்ந்து முதலில் சர்க்கரையை ஏற்றும். மருந்து சாப்பிடுகிறவருக்கு அதோடு முடியாது. கிளைமிபிரைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மது குடித்தால், கல்லீரல் சர்க்கரை விடுவது தடைப்பட்டு, சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல், தள்ளாட்டம். பார்க்கிறவர்கள் "போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற தம்பி, தங்கச்சிமார் இதை மனதில் வையுங்கள். சர்க்கரைக்காரர் குடித்துவிட்டு உளறினால் உடனே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 995-க்குக் கூப்பிடுங்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான். லாங் பாரில் விலை கேட்டு மலைத்தவர்கள் பக்கத்து நாட்டுக்குப் போகிறபோது, அதே சிங்கப்பூர் ஸ்லிங்கை ஐந்தில் ஒரு பங்கு விலையில் எழுதி வைத்திருக்கும் பலகையைப் பார்ப்பார்கள். சுற்றுலா ஊர்களில் ஒரு கிளாஸுக்கு ஒன்று இலவசம் என்று கூப்பிடுவார்கள். உஷார்! பெயர் பெற்ற ஹோட்டலில் விலைதான் கடிக்கும். பெயர் தெரியாத கடையில் ஜின் என்ற பேரில் எதை ஊற்றுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. 2018 செப்டம்பரில் மலேசியாவில் மெத்தனால் கலந்த மது குடித்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர் போனது இந்த மெத்தனாலால்தான்.

மெத்தனாலுக்கு நிறம் இல்லை. அன்னாசிச் சாறும் பாகும் ஊற்றிய கலவையில் அதன் வாசனையும் தெரியாது, சுவையும் தெரியாது. உடம்புக்குள் போய் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சுடும். முதலில் சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். தெளிந்துவிட்டது என்று நினைக்கும்போது, பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழித்து, வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணெதிரே வெள்ளைத் திரை விழுந்தாற்போல் மங்கல். அதை ஹேங்ஓவர் என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுத்தால் எழுந்திருக்காமலே போகலாம்.

ஆகவே மூடி திறக்காத பாட்டிலிலிருந்து உங்கள் கண் முன்னால் ஊற்றாத கலவையை அந்த ஊர்களில் தொடாதீர்கள். இலவசமாகத் தருவதை வாங்கவே வாங்காதீர்கள். குடித்த மறுநாள் யாருக்காவது கண் மங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல், டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். மெத்தனாலாக இருக்கலாம் என்று டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். மாற்று மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவுக்கு உயிரும் கண்ணும் பிழைக்க வாய்ப்பு அதிகம். கூடக் குடித்த மற்றவர்களையும், தங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அவர்கள் சொன்னாலும், அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.